பிக்கப் எங்கே போனது? பழைய பைக் வைத்திருப்போர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் 1994 மாடல் புல்லட் 350 ஸ்டாண்டர்ட் இருக்கிறது. பாயின்ட் (தீப்பொறிக்காகத் திறந்து மூடும் மின்தொடர்பு), மிக்கார்ப் கார்புரேட்டர், நாலு கியர் எல்லாம் பழையபடியே. சமதரையில் 70 வரை போகிறது. ஏற்காடு மலையில் கொண்டை ஊசி வளைவு திரும்பியதும் இழுக்க மறுக்கிறது. பஸ்ஸை முந்தவே தயக்கமாக இருக்கிறது. பெரிய கார்புரேட்டரும் ஹை கம்ப்ரஷன் பிஸ்டனும் (காற்று பெட்ரோல் கலவையை அதிகம் அழுத்துவது) போட்டால் பிக்கப் கூடும் என்கிறார்கள். போடலாமா? (சேலம் வாசகர்)

பதில்: இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள். சிலிண்டரின் உள் விட்டம் (போர்) 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 90 மி.மீ., மொத்தம் 346 சிசி. புதிதில் இந்த இன்ஜின் கொடுத்தது 18 குதிரைத்திறன். அதில் எவ்வளவு இப்போது பின் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது என்பதுதான் கேள்வி. முப்பது வருஷத்தில் பிரேக்கில் கொஞ்சம், கிளட்சில் கொஞ்சம், வால்வில் கொஞ்சம், டைமிங்கில் (தீப்பொறி வரும் நேரம்) கொஞ்சம் என்று கசிந்து போயிருக்கும். அதை மீட்காமல் பிஸ்டனை மாற்றுவது ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் வைக்கிற கதை.

கைக்காசு செலவாகாத வேலையில் தொடங்குங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். தள்ளிவிட்டதும் நின்றுவிட்டால் பிரேக் ஷூ டிரம்மில் உரசுகிறது, அல்லது செயின் இறுக்கமாக இருக்கிறது. பிரேக்கையே தொடாமல் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இரண்டு டிரம்களையும் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அது உங்கள் பெட்ரோலைத் தின்கிறது. பிரேக் கேம் அச்சில் கிரீஸ் காய்ந்து போய், மிதியை விட்ட பிறகும் ஷூ திரும்பாமல் நிற்பது பழைய வண்டிகளில் சகஜம். கழற்றி, துருவைத் தேய்த்து, துளி கிரீஸ் தடவினால் போதும். பின் செயினில் 25 முதல் 30 மி.மீ. தொய்வு இருக்கட்டும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, மிக இறுக்கமான இடத்தில் அந்தத் தொய்வை வையுங்கள்.

அடுத்து ஆக்ஸிலரேட்டர். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிவிட்டு, ஒருவர் கைப்பிடியை முழுக்கத் திருக, கார்புரேட்டர் வாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். உள்ளே காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடு முழுசாக மேலே போய் வாய் வட்டமாகத் திறக்க வேண்டும். கேபிள் நீண்டு தளர்ந்த வண்டியில் கால்வாசி மூடியே இருக்கும். ஓட்டுபவர் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருப்பார்.

கிளட்ச் நழுவுகிறதா என்று பார்க்க, நாலாவது கியரில் 40 வேகத்தில் போகும்போது ஒரே திருகாகத் திருகுங்கள். சத்தம் முன்னால் ஓடி, வேகம் பின்னாலேயே வந்தால் நழுவல்தான். உடனே பிளேட் மாற்ற ஓட வேண்டாம். லீவர் நுனியில் 2, 3 மி.மீ. தளர்வு இருக்கிறதா, கிளட்ச் இருக்கும் பெட்டியான பிரைமரி கேஸில் யாராவது கார் இன்ஜின் ஆயிலை ஊற்றியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். வழுக்கல் கூட்டும் சேர்மானம் உள்ள கார் ஆயில் ஈரக் கிளட்சுக்கு ஆகாது. அப்படியிருந்தால் பிளேட்டுகளை எடுத்துப் பெட்ரோலில் கழுவி, வழவழப்பாகப் பளபளக்கும் முகத்தை உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி மாட்டுங்கள்.

இப்போது இன்ஜின். கம்ப்ரஷன் வரும் இடத்தில் கிக்கரை நிறுத்தி, அதன் மேல் ஏறி நில்லுங்கள். நல்ல இன்ஜின் உங்கள் எடையைச் சில விநாடிகளாவது தாங்கும், பிறகுதான் மெதுவாக இறங்கும். சட்டென்று இறங்கினால் காற்று எங்கோ தப்புகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, ஸ்டார்ட் செய்யும்போது கம்ப்ரஷனை வெளியேற்றும் டீகம்ப்ரஸர். அதன் கேபிளில் தளர்வே இல்லையென்றால் அந்தக் குட்டி வால்வு முழுசாக உட்காராது. ஓட்டும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்ப்ரஷன் வெளியே போய்க்கொண்டிருக்கும். கேபிளைத் தளர்த்திப் பாருங்கள். அதன்பிறகும் ஒழுகினால் வால்வைக் கழற்றிக் கார்பனைச் சுரண்டி, கிரைண்டிங் பேஸ்ட் வைத்துத் தேய்த்து உட்கார வையுங்கள்.

இரண்டாவது, டேப்பட், அதாவது வால்வுக்கு விடும் இடைவெளி. புல்லட்டில் இதற்கு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) தேவையில்லை. இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், ராத்திரி முழுக்க நின்றிருந்தால் உத்தமம். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, வலப்பக்கம் சிலிண்டரின் (போரின்) அடியில் உள்ள டேப்பட் மூடியைத் திறங்கள். வால்வைத் தள்ளும் கம்பியான புஷ் ராடை இரண்டு விரலால் பிடித்துச் சுழற்றினால் சுழல வேண்டும். மேலும் கீழும் அசையக் கூடாது. அதுதான் அளவு. டக்டக் சத்தம் பிடிக்கவில்லை என்று இறுக்கிவைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. இறுக்கினால் வால்வு இருக்கையில் முழுதாக அமராது. முதலில் பிக்கப் போகும், பிறகு எக்ஸாஸ்ட் வால்வே கருகும்.

உங்கள் வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது டைமிங்கைத்தான். சமதரையில் ஓடி, மலையில் மறுப்பது அதன் அடையாளம். பாயின்டில் கேமின் மேல் உரசும் நார்க்கட்டை தேயத் தேய இடைவெளி குறையும். குறைந்தால் பாயின்ட் தாமதமாகத் திறக்கும். தீப்பொறியும் தாமதமாகும். யாரும் எதையும் தொடாமலே டைமிங் நகர்ந்துவிடும். ஆகவே வரிசை முக்கியம். முதலில் பாயின்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ. வைத்து, அதற்கப்புறம்தான் டைமிங். மாற்றிச் செய்தால் செய்த வேலை வீண்.

டைமிங் அளவு, ஆட்டோ அட்வான்ஸ் (வேகம் கூடும்போது தீப்பொறியை முன்கூட்டியே தரும் அமைப்பு) ஓய்வு நிலையில் இருக்கும்போது, பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால். பிளக்கைக் கழற்றி, நாலாவது கியர் போட்டு, பின் சக்கரத்தால் இன்ஜினைத் திருப்புங்கள். 0.8ஐத் தாண்டிப் பின்னோக்கிச் சென்று, மறுபடி முன்னோக்கி வந்து நிறுத்தினால்தான் பல்சக்கரங்களின் தளர்வு கணக்கில் வராது. பாயின்ட் முனையிலிருந்து எர்த்துக்கு ஒரு சிறிய 12 வோல்ட் பல்பை மாட்டி, சாவியைப் போடுங்கள். பாயின்ட் மூடியிருக்கும்வரை பல்பு எரியாது, திறந்த கணத்தில் எரியும். பாயின்ட் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் பிடிப்பைத் தளர்த்தி, பல்பு பளிச்சென்று எரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி இறுக்குங்கள். உச்சிக்கு அருகே பிஸ்டன் நத்தை மாதிரி நகரும். 0.4 மி.மீ. தவறினால்கூட ஏறக்குறைய 3 டிகிரி தவறிவிடும். சைக்கிள் கம்பியை பிளக் ஓட்டையில் சாய்வாக விட்டுக் கண்ணளவில் பார்ப்பது இதற்குப் பற்றாது. டயல் கேஜ் (நுண்ணிய அளவு காட்டும் கருவி) உள்ள மெக்கானிக்கிடம் போங்கள்.

அங்கேயே ஆட்டோ அட்வான்ஸையும் பார்த்துவிடுங்கள். பாயின்டைத் திறக்கும் கேமை அது சுழலும் திசையில் விரலால் திருகிவிட்டால், ஸ்பிரிங் அதைச் சட்டென்று பழைய இடத்துக்கு இழுக்க வேண்டும். துருப்பிடித்து நடுவில் நின்றால் ஒன்று ஸ்டார்ட்டிங்கில் கிக்கர் திருப்பியடிக்கும், அல்லது வேகத்தில் அட்வான்ஸ் வராமல் வண்டி மந்தமாக இருக்கும். எல்லாம் முடிந்தபின் மூன்றாவது கியரில் ஏற்றத்தில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் பாருங்கள். கிண்கிண் என்று உலோகத் தட்டல் கேட்டால் டைமிங்கை ஒரு மயிரிழை பின்தள்ளுங்கள்.

கார்புரேட்டர் கடைசி. ஸ்லைடைப் பிடித்து ஆட்டினால் கடகடவென்றால் உடலும் ஸ்லைடும் தேய்ந்திருக்கின்றன. அதில் ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) மாற்றிப் பயனில்லை. ஸ்லைடு நன்றாக இருந்தால் அதில் தொங்கும் ஊசியான நீடிலையும் அது நுழையும் நீடில் ஜெட்டையும் ஜோடியாக மாற்றுங்கள். ஜெட் ஓட்டை நீள்வட்டமாகிப் போன வண்டி நடு வேகத்தில் புகைந்து திணறும். ஐட்லிங்கைச் சரிசெய்யும் பைலட் ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி ஒன்றரைச் சுற்று திறந்து, அங்கிருந்து ஐட்லிங் சீராகும்வரை கூட்டிக் குறையுங்கள். இந்த ஸ்க்ரூ காற்றுக்கானது. உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும்.

நீங்கள் கேட்ட இரண்டு விஷயங்களுக்கு வருகிறேன். 24 மி.மீ. கார்புரேட்டருக்குப் பதில் 28 போட்டால், கீழ் வேகத்தில் காற்றின் ஓட்டம் தளரும். பெட்ரோல் சரியாக நுண்துளிகளாக உடையாது. வளைவு திரும்பி ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும் அந்த நேரத்தில்தான் அது உங்களைக் கைவிடும். ஹை கம்ப்ரஷன் பிஸ்டன் இந்த இன்ஜினுக்கு இன்னும் மோசம். இரும்புச் சிலிண்டர் சூட்டைச் சீக்கிரம் விடாது. கனெக்டிங் ராடின் அடிமுனையான பிக் எண்டில் இருப்பதோ ஃப்ளோட்டிங் புஷ் என்ற உலோக வளையம். கூடுதல் அடியைத் தாங்க அதைச் செய்யவில்லை. உண்மையிலேயே ரிங் தேய்ந்திருந்தால் மறுபோர் போட்டு (சிலிண்டரை மறுபடி குடைந்து) ஸ்டாண்டர்ட் கம்ப்ரஷன் பிஸ்டனே மாட்டுங்கள். பிஸ்டனை முதலில் வாங்கி லேத்காரர் கையில் கொடுத்து, அதற்கேற்பப் போர் போடச் சொல்வதுதான் முறை. முதல் 500 கி.மீ. 50க்கு மேல் வேண்டாம்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய புல்லட் 350. முந்தைய உரிமையாளர் “லாங் டிரைவுக்காக” ஸ்ப்ராக்கெட் (செயினை ஓட்டும் பல்சக்கரம்) மாற்றியதாகச் சொன்னார். எத்தனை பல் என்று அவருக்கே தெரியவில்லை. கழற்றாமல் கண்டுபிடிக்க முடியுமா? மாற்றினால் பிக்கப் வருமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: முடியும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பிளக்கைக் கழற்றி, டேப்பட் மூடியைத் திறந்து வையுங்கள். நாலாவது கியரில் பின் சக்கரத்தை நிதானமாகச் சரியாகப் பத்து முறை சுற்றுங்கள். இன்லெட் (கலவை உள்ளே வரும்) வால்வின் புஷ் ராட் எத்தனை முறை எழுந்து தணிகிறது என்று இன்னொருவர் எண்ணட்டும். 26, 27 வந்தால் உள்ளே கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டில் 16 பல். 25 என்றால் 17. 23, 24 என்றால் 18.

இதன் கணக்கு எளிது. இன்ஜின் ஸ்ப்ராக்கெட்டில் 25, கிளட்சில் 56, பின் சக்கரத்தில் 38 பற்கள். நாலாவது கியர் நேரடி, விகிதத்தை மாற்றாது. புஷ் ராட் இன்ஜினின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எழும். 16 பல்லோடு மொத்த விகிதம் 5.32. 17 ஆனால் 5.01. 18 ஆனால் 4.73. அதாவது 17லிருந்து 16க்கு வந்தால் எல்லா கியரிலும் இழுவை சுமார் 6 சதவீதம் கூடுகிறது. 18லிருந்து வந்தால் பன்னிரண்டரை. இதைவிடக் குறைந்த செலவில் பிக்கப் எங்கும் கிடைக்காது.

டாப் ஸ்பீடு போய்விடுமே என்ற பயம் வேண்டாம். இந்த இன்ஜின் அதிக சக்தி தருவது 5,625 ஆர்பிஎம்மில். 16 பல்லிலேயே அந்தச் சுழற்சி டாப் கியரில் மணிக்கு ஏறத்தாழ 129 கி.மீ.க்குச் சமம். காற்றை எதிர்த்து அந்த வேகத்துக்குப் போக 18 குதிரை போதாது. போக முடியாத வேகத்துக்கு கியரை நீட்டி வைத்துவிட்டு, தினமும் போகிற வேகத்தில் திணறுவானேன்? நீட்டிய கியருக்கு ஒரே நியாயம், அதிர்வு குறைவது. 60 வேகத்தில் 16 பல்லுக்கு சுமார் 2,600 ஆர்பிஎம், 18க்கு 2,300. நாற்கரச் சாலையில் நாள் முழுக்க ஒரே வேகத்தில் தனியாளாகப் போகிறவர் 17ஐ வைத்துக்கொள்ளலாம். திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானல் ஏறுகிறவருக்கு 16தான்.

வேலை மட்டும் லேசானதல்ல. இந்த ஸ்ப்ராக்கெட் கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பிரைமரி மூடி, ஆல்டர்னேட்டர், கிளட்ச், உள் கேஸ் எல்லாம் இறங்க வேண்டும். கிளட்ச் பிளேட் மாற்றும் நேரம் வரும்வரை பொறுத்து இரண்டையும் சேர்த்துச் செய்தால் கூலி மிச்சம். ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருவதால் பல் மாறினாலும் காட்டும் வேகம் மாறாது.

கேள்வி: பழைய புல்லட்டுக்கு ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் கோன் ஃபில்டரும் போட்டேன். சத்தம் பிரமாதம். ஆனால் சட்டென்று திருகினால் ஒரு கணம் செத்து, பிறகுதான் எழுகிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டால் பட்பட் என்று வெடிக்கிறது. ஏன்? (புதுச்சேரி வாசகர்)

பதில்: காற்று கூடிவிட்டது, பெட்ரோல் கூடவில்லை. நீங்கள் கேட்கும் இரண்டு அறிகுறிகளும் அதுவேதான். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், வெளுத்திருக்கும். இப்படியே ஓட்டினால் இன்ஜின் சூடேறும்.

நல்ல வழி, பழைய ஃபில்டர் பெட்டியை மாட்டிவிடுவது. பாதி கோளாறு அங்கேயே தீரும். பிறகு ஆக்ஸிலரேட்டர் எந்த இடத்தில் இருக்கும்போது திணறுகிறது என்று கவனியுங்கள். எட்டில் ஒரு பங்கு திறப்புவரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அதிலிருந்து கால்வரை ஸ்லைடின் அடி வெட்டு. கால் முதல் முக்கால்வரை நீடில். அதற்கு மேல்தான் மெயின் ஜெட். பலர் எல்லாவற்றுக்கும் மெயின் ஜெட்டையே மாற்றிக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கு முதலில் தேவை நீடிலை ஒரு பள்ளம் உயர்த்துவது. அதற்கு கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கி மாட்ட வேண்டும். முழுத் திறப்பிலும் வெளுப்பு இருந்தால் மெயின் ஜெட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து, அதற்கு அடுத்த பெரிய அளவு. மூன்றாவது கியரில் முழுத் திறப்பில் ஒரு கிலோமீட்டர் ஓட்டி, அப்படியே கிளட்ச் பிடித்து இன்ஜினை நிறுத்தி பிளக்கைப் பாருங்கள். காப்பிப் பொடி நிறம் வந்தால் சரி.

சத்தம் கூடியதைக் காது பிக்கப் என்று எடுத்துக்கொள்ளும், ஏமாறாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(2)ன்படி ஒலி விதியை மீறினால் 10,000 ரூபாய்வரை அபராதம் உண்டு. சைலன்சரின் விலையை அதையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: இருபது வருஷ ஸ்ப்ளெண்டர். பின்னால் மனைவி, முன்னால் மளிகை மூட்டை. மேம்பாலத்தில் இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. (மதுரை வாசகர்)

பதில்: 97.2 சிசி இன்ஜினிடம் அந்தச் சுமையோடு இதுவே பெரிய விஷயம்! இருந்தாலும், செயின் முழுக்க மூடிய கவருக்குள் இருப்பதால் அது காய்ந்து துருப்பிடித்திருப்பது வெளியே தெரியாது. முதலில் அதைத் திறங்கள். கம்ப்ரஷனும் டேப்பட்டும் சரியாக இருந்து, ஏர் ஃபில்டரும் மாற்றியிருந்தால், பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் கூட்டலாம். 42 இருந்தால் 44. இழுவை ஐந்து சதவீதம் போலக் கூடும். செயின் நீளம் போதாமல் புதுச் செயின் தேவைப்படலாம். எப்படியும் ஸ்ப்ராக்கெட்டும் செயினும் செட்டாக மாற்றுவதுதான் நல்லது. முன்னால் ஒரு பல் குறைப்பது மலிவு. ஆனால் சிறிய வட்டத்தில் மடங்கும் செயின் சீக்கிரம் தேயும். டயரில் காற்று குறைவாக இருந்தால் இதெல்லாம் தண்டம்.

கேள்வி: யமஹா ஆர்எக்ஸ் 100. முன்பு சீறும். இப்போது நடு வேகத்துக்கு மேல் வாய் பொத்திய மாதிரி இருக்கிறது. ஆயில் பம்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலில் கலந்து ஓட்டுகிறேன். லிட்டருக்கு 50 மி.லி. (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: “வாய் பொத்திய மாதிரி” என்று நீங்களே நோயைச் சொல்லிவிட்டீர்கள். சைலன்சர் அடைத்திருக்கிறது. 50 மி.லி. என்பது 20க்கு 1. நல்ல 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலாக இருந்தால் லிட்டருக்கு 20 முதல் 25 மி.லி. போதும். மிச்சமெல்லாம் கார்பனாகிக் குழாயில் படிகிறது. சைலன்சர் வாலில் உள்ள சிறு போல்ட்டைக் கழற்றி உள் குழாயை இழுங்கள். வராவிட்டால் இடுக்கியால் பிடித்துத் திருகி இழுங்கள். ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறங்கள். உள்ளே கட்டியாக இருந்தால் காஸ்டிக் சோடா கரைசல். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடா மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. அலுமினியப் பாகம் எதிலும் அது படக் கூடாது. போரின் எக்ஸாஸ்ட் வாயையும் சுரண்டுங்கள். அப்போது பிஸ்டன் மேலே இருந்து வாயை மூடியிருக்கட்டும், இல்லாவிட்டால் கார்பன் துகள் உள்ளே விழும். கத்தி வேண்டாம், சீவிய மரக்குச்சி போதும்.

அதற்குப் பிறகும் இழுவை வராவிட்டால் ரீட் வால்வை (கலவை உள்ளே வரும் வழியில் உள்ள மெல்லிய இதழ் வால்வு) கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இதழ் நுனி உடைந்தோ வளைந்தோ இருந்தால் மாற்றுங்கள். கியர் ஆயில் கணக்கில்லாமல் குறைந்து வெள்ளைப் புகை வந்தால் கிளட்ச் பக்கத்துக் கிராங்க் சீல் (சுழலும் அச்சைச் சுற்றிய ரப்பர் அடைப்பு) போயிருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் சுழற்சி இறங்காமல் நின்றால் மேக்னெட் பக்கத்து சீல். இந்த இரண்டாவது கோளாறோடு ஓட்டாதீர்கள், பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிடும்.

கேள்வி: அதிக ஆக்டேன் பெட்ரோல் போட்டால் பழைய வண்டிக்கு பிக்கப் கூடுமா? (திருச்சி வாசகர்)

பதில்: கூடாது. ஆக்டேன் என்பது தட்டலைத் தாங்கும் குணம், சக்தி அல்ல. கம்ப்ரஷன் குறைந்த பழைய இன்ஜினில் அந்தக் குணத்துக்கு வேலையே இல்லை. இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலவைதான் உங்களைப் பாதிக்கும். எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும். கார்புரேட்டருக்கோ அது தெரியாது, பழைய அளவிலேயே காற்றைக் கொடுக்கும். அதனால் திருகும்போது தயங்கினால் நீடிலை ஒரு பள்ளம் உயர்த்திப் பாருங்கள். பழைய ரப்பர் பெட்ரோல் குழாயையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் “இப்ப பாருங்க சார், பறக்கும்” என்கிறார் மெக்கானிக். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. எப்படிச் சோதிப்பது? (ஈரோடு வாசகர்)

பதில்: கடிகாரம் பொய் சொல்லாது. வாகனமில்லாத சமதரைச் சாலை, இன்ஜின் சூடேறிய நிலை, டாப் கியர். 30ல் சீராகப் போய், முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, 60 வரும்வரை எத்தனை விநாடி என்று பின்னால் இருப்பவர் ஸ்டாப் வாட்ச்சில் பார்க்கட்டும். போகும்போது மூன்று முறை, திரும்பும்போது மூன்று முறை. காற்றும் சரிவும் அப்போதுதான் சமனாகும். ஆறின் சராசரியை எழுதி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், மறுபடி அதே ஆள், அதே சாலை. அரை விநாடிக்குக் குறைவான வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது ஸ்டாப் வாட்ச் அழுத்திய விரலின் வித்தியாசமாகவும் இருக்கலாம்.